நாள் முழுக்கப் பாட்டு ஓடுகிறது, மனதில் ஏன் ஒன்றும் நிற்பதில்லை?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு சகோதரி, வேலைக்குப் போகிறவர். காலையில் சமையலறையில் தொடங்கி பஸ், அலுவலகம், திரும்பி வரும் வழி என்று எங்கும் கிறிஸ்தவப் பாடல்களைப் போட்டுக்கொண்டே இருக்கிறார். தேவனை மறந்துவிடக் கூடாது என்றுதான் தொடங்கினாராம். முதலில் கண்ணீர் வந்தது, இப்போது பாட்டு ஓடுவதே காதில் விழுவதில்லை, என் விசுவாசம் ஆறிப்போய்விட்டதா என்று கேட்கிறார். எந்தப் பாடல்களைத் தேர்ந்தெடுப்பது என்பது இரண்டாவது கேள்வி. மூன்றாவது வீட்டுப் பிரச்சினை: அம்மா கீர்த்தனையைத் தவிர எதையும் பாட்டு என்றே ஒப்புக்கொள்வதில்லை, மகள் கீர்த்தனை என்றாலே எழுந்து போய்விடுகிறாள்.

விசுவாசம் ஆறவில்லை, சகோதரி. காது பழகிவிட்டது, அவ்வளவுதான். எந்தச் சத்தமும் ஓயாமல் இருந்தால் மூளை அதைக் கேட்பதை நிறுத்திவிடும். ஃபேன் சத்தம் அணைத்த பிறகுதானே தெரிகிறது? அதே கதிதான் பத்து மணி நேரம் ஓடும் ஆராதனைப் பாட்டுக்கும். அதில் பாவமும் இல்லை, விசுவாசத்தில் பின்வாங்கிப்போனதும் இல்லை. ஆனால் இப்படியே இன்னும் பத்து வருஷம் போட்டாலும் நீங்கள் எதிர்பார்க்கிற வேலையை அந்தப் பாட்டுகள் செய்யாது. ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். நெல்லைப் பக்கத்து சி.எஸ்.ஐ. சபை ஒன்றில் பல வருஷமாகப் பாடகர் குழுவை நடத்துகிறவன் நான், பாட்டு என்றால் சுருக்கமாகப் பேச வராது.

கேட்பது வேறு, ஞாபகத்திலிருந்து எடுத்துப் பாடுவது வேறு. பரீட்சைக்குப் படித்த எல்லோருக்கும் இது தெரியும்: புத்தகத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட மூடி வைத்துவிட்டு ஒரு முறை சொல்லிப் பார்ப்பதுதான் மனதில் ஒட்டும். கற்றலைப் பற்றி ஆராய்கிற உளவியலாளர்களும் இதை நன்றாகவே நிரூபித்திருக்கிறார்கள். போன் பாடும்போது அடுத்த வரி என்ன என்று தேடுகிற வேலையைப் போன் செய்துவிடுகிறது, உங்களுக்கு வேலையே இல்லை. நீங்களே பாடும்போது, அதுவும் பாட்டுப் புத்தகமோ திரையோ இல்லாமல் பாடும்போது, ஒவ்வொரு வரியையும் உள்ளிருந்து இழுத்து வர வேண்டியிருக்கிறது. அப்படி இழுத்து வந்த வரிதான் வங்கியில் வரிசையில் நிற்கும்போதும், ஸ்கேன் ரிப்போர்ட்டுக்காக ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதும் தானாக எழுந்து வரும். நினைவூட்டல் என்று நீங்கள் தேடுவது இதைத்தானே?

வேதத்திலேயே இதற்கு ஓர் இடம் இருக்கிறது, பிரசங்கங்களில் அதிகம் கேட்க முடியாத இடம். உபாகமம் 31-ஆம் அதிகாரம். மோசே சாகப் போகிறார். ஜனங்கள் கானானுக்குள் போய், தின்று திருப்தியாகிக் கொழுத்துப்போய், தம்மை மறந்துவிடுவார்கள் என்று தேவன் சொல்கிறார். அதற்குப் பரிகாரமாக அவர் செய்யச் சொல்வது என்ன தெரியுமா? ஒரு பாட்டை எழுதி, இஸ்ரவேல் புத்திரருக்குப் படிப்பித்து, அவர்கள் வாயிலே வை என்கிறார். அந்தப் பாட்டு அவர்கள் சந்ததியின் வாயிலிருந்து மறந்துபோகாது, ஆகவே பின்னாளில் அவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லும் என்பது கணக்கு. அதற்கு அடுத்த அதிகாரத்தில் பெரும்பகுதி அந்தப் பாட்டுதான். இதில் இரண்டு விஷயம் கவனியுங்கள். பாட்டு வைக்கப்படும் இடம் காது அல்ல, வாய். இன்னொன்று, அந்தப் பாட்டு ஆறுதலாக இருக்கவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கடிந்துகொள்கிற பாட்டு அது. மனதுக்கு இதமாக இருப்பதுதான் ஆராதனைப் பாட்டின் வேலை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம், மோசேயின் பாட்டை அப்படி யாரும் ரிங்டோனாக வைக்க முடியாது.

பவுலும் சீலாவும் பிலிப்பிச் சிறையில் நடுராத்திரியில் பாடினார்கள் என்று வாசிக்கிறோம். கால்கள் தொழுமரத்தில் மாட்டியிருக்கின்றன, முதுகில் அடிபட்ட காயம், உட்காவலறை. கையில் சுருளும் இல்லை, விளக்கும் இல்லை. மனப்பாடமாக இருந்ததைத்தான் பாடியிருக்க முடியும். நம்மில் எத்தனை பேருக்குக் கரண்ட் போனால் ஒரு பாட்டை நான்கு சரணமும் சொல்ல வரும்? எங்கள் பாடகர் குழுவிலேயே கேட்டுப் பார்த்தேன், பல்லவியும் முதல் சரணமும் எல்லோருக்கும் வந்தது, இரண்டாம் சரணத்தில் பாதிப் பேர் முனக ஆரம்பித்தார்கள், நாலாம் சரணத்தில் ஆர்மோனியம் மட்டும் தெளிவாகக் கேட்டது.

சரி, மனப்பாடம் எப்படி வரும்? ஒரே பாட்டை ஒரே நேரத்தில் திரும்பத் திரும்பப் பாடினால் வரும். பழைய ஆட்கள் இதில் கெட்டிக்காரர்கள். ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் பெனடிக்ட் என்ற துறவி தன் மடத்துக்கு எழுதிய ஒழுங்கில் 150 சங்கீதங்களையும் ஒரு வாரத்துக்குள் பாடி முடிக்க வேண்டும் என்று வைத்தார். ஆனால் படுக்கப் போகுமுன் பாடுகிற ஜெபத்துக்கு மட்டும் மாற்றமே இல்லை. நம் வேதாகம எண்படி 4, 91, 134, தினமும் அதே மூன்று சங்கீதங்கள். வாழ்நாள் முழுக்க. தூக்கக் கலக்கத்தில் புத்தகத்தைத் தேட வேண்டிய அவசியமே இல்லாமல் போகும். 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தாமஸ் கென் என்பவர், பிற்பாடு பேராயர் ஆனவர், வின்செஸ்டர் பள்ளி விடுதிப் பையன்களுக்காக ஒரு ஜெபக் கையேடு எழுதினார். அதில் காலைப் பாட்டையும் மாலைப் பாட்டையும் தங்கள் அறையில் தவறாமல் பாடும்படி பையன்களுக்குச் சொல்லியிருக்கிறார். ஆலயத்தில் பாடச் சொல்லவில்லை, படுக்கைப் பக்கத்தில் பாடச் சொன்னார். அவர் எழுதிய காலை, மாலைப் பாட்டுகளின் கடைசிச் சரணம்தான் பிற்பாடு ஆங்கில ஆராதனை நடக்கிற இடமெல்லாம் துதிப்பாட்டாகப் பரவியது.

நம் பாமாலைப் பாட்டுப் புத்தகத்திலும் காலை, மாலை என்று தனிப் பகுதிகள் இருப்பது சும்மா இல்லை. ‘என்னோடிரும் மா நேச கர்த்தரே’ என்று தொடங்கும் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1847-ல் இறந்துபோன ஹென்றி லைட் என்ற போதகர் ஆங்கிலத்தில் எழுதியதன் தமிழ் வடிவம் அது. மாலைப் பாட்டு என்றுதான் பெயர், ஆனால் எங்கள் ஊர்ப்பக்கம் துக்க வீட்டிலும் அதைப் பாடுவோம். தினமும் பொழுது சாயும்போது பாடி வளர்ந்தவர்களுக்கு, ஒரு நாள் வாழ்க்கையே சாயும்போது அதே வரிகள் தயாராக இருக்கின்றன, புதிதாக எதையும் தேட வேண்டியதில்லை. படுக்கையில் விழுந்துவிட்ட பெரியவர்களுக்காகப் பாடப் போகும்போது இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பிள்ளைகளின் பெயரே மறந்துபோயிருக்கும், ஆனால் நாம் முதல் வரியைத் தொட்டால் உதடு அசைய ஆரம்பிக்கும், சில சமயம் நாம் விட்டுவிட்ட சரணத்தை அவர்கள் பிடிப்பார்கள். மறதி நோய் வந்தவர்களுக்குப் பேச்சு போன பிறகும் இளம் வயதில் கற்ற பாட்டு தங்குவதுண்டு என்று மருத்துவர்களும் சொல்கிறார்கள். கவனியுங்கள், சிறு வயதிலிருந்து பாடிப் பாடிப் பழகிய பாட்டு அது. பின்னணியில் ஓடிக்கொண்டிருந்த பாட்டுக்கு அந்த ஆயுள் கிடைக்கும் என்று நான் நம்பவில்லை.

இப்போது கீர்த்தனைக்கு வருகிறேன், உங்கள் அம்மாவின் கட்சிக்கு.

தமிழ்ப் புராட்டஸ்டண்ட் சபை பாட ஆரம்பித்ததே ஜெர்மன் மெட்டில்தான். 1706-ல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் இறங்கிய பிறகு லுத்தரன் ஞானப்பாட்டுகள் தமிழில் வந்தன. அப்புறம் அதே நூற்றாண்டில் இன்னொரு ஜெர்மன் மிஷனரியான பப்ரிசியஸ் ஏராளமாக மொழிபெயர்த்தார். அவற்றில் சில இன்றைக்கும் அருமை. ஆனால் உள்ளதைச் சொன்னால், நெட்டெழுத்தும் குற்றெழுத்தும் ஒரு பக்கம் இழுக்க, மேற்கத்திய மெட்டு இன்னொரு பக்கம் இழுக்க, சொல் நடுவில் உடைந்து தொங்குகிற வரிகளும் நிறைய உண்டு. பழகிவிட்டதால் நமக்குத் தெரிவதில்லை. புதிதாக ஆலயத்துக்கு வருகிறவரிடம் கேட்டுப் பாருங்கள், அரைப் பாட்டு புரியவில்லை என்பார்.

இந்த இடத்தில்தான் தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் வருகிறார். 1774-ல் திருநெல்வேலியில் பிறந்து, சிறு பையனாக இருக்கும்போதே மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரால் தஞ்சாவூருக்கு அழைத்துப்போகப்பட்டு, பின்னால் மன்னரான சரபோஜியோடு ஒன்றாகப் படித்தவர். 1864 வரை, அதாவது கிட்டத்தட்ட தொண்ணூறு வயது வாழ்ந்தார். கர்நாடக சங்கீதத்தின் மும்மூர்த்திகள் வாழ்ந்த அதே காலம், அதே காவிரிக் கரை. குறவஞ்சி என்ற வடிவத்தை எடுத்து ‘பெத்லகேம் குறவஞ்சி’ எழுதினார். தமிழ்க் காது எந்த வடிவத்துக்குத் தலையாட்டுமோ அந்த வடிவத்தில் சுவிசேஷத்தை வைத்தார். 1853-ல் மதுரை அமெரிக்கன் மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் என்ற மிஷனரி கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சில் கொண்டுவந்தபோது சாஸ்திரியாரின் பாட்டுகள் பல அதில் இடம்பெற்றன. ஆர்கனும் நாலு குரல் பாட்டும்தான் ஆராதனை என்று நினைத்த காலத்தில், ஒரு வெள்ளைக்காரரே இதை அச்சிட்டுப் பரப்பினார் என்பது சின்ன விஷயமில்லை.

கீர்த்தனை மனதில் நிற்பதற்குக் காரணம் பக்தி மட்டும் இல்லை, கட்டுமானம். பல்லவி, அனுபல்லவி, சரணங்கள். நல்ல கீர்த்தனைகள் பலவற்றில் சரணத்தின் வாக்கியம் சரணத்தோடு முடிவதில்லை. வினை பல்லவியில் இருக்கும், அதனால் பல்லவிக்குத் திரும்பி வந்தால்தான் பொருள் முடியும். நாலு சரணம் பாடினால் நாலு தடவை பல்லவிக்கு வந்து சேர்கிறீர்கள், ஒவ்வொரு தடவையும் வேறொரு வாசல் வழியாக. பாட்டின் மையக் கருத்து தலையில் இறங்காமல் போக வழியே இல்லை. அதோடு எதுகையும் மோனையும். முதல் வரியின் இரண்டாம் எழுத்து அடுத்த வரியின் இரண்டாம் எழுத்தைக் கையில் கொடுத்துவிடுகிறது. அடுத்த வரி மறந்தால் அந்த எழுத்தை வைத்தே பிடித்துவிடலாம். எபிரெயக் கவிகளும் இதே தந்திரத்தை வேறு மாதிரி செய்தார்கள்: 119-ஆம் சங்கீதம் 22 எழுத்துக்கும் எட்டெட்டு வசனம் என்று 176 வசனம் ஓடுகிறது, ஒவ்வொரு எட்டும் ஒரே எழுத்தில் தொடங்கும். மொழிபெயர்ப்பில் அது போய்விட்டது, ஆனால் மூலத்தில் அது மனப்பாடத்துக்கென்றே செய்த மாதிரி இருக்கிறது.

எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்கள் நிறைந்த சபைகளில் உபதேசியார் ஒரு வரி பாட, சபை அதைத் திருப்பிப் பாட, இப்படியே பாவம், மன்னிப்பு, உயிர்த்தெழுதல் என்று உபதேசம் முழுக்க வாய்வழியாக இறங்கியது. எங்கள் பக்கம் கிறிஸ்துமஸ் காலத்துப் பஜனையும் இப்படித்தான்: பனி விழுகிற நேரத்தில் தெருத்தெருவாகப் போகிறவர்கள் கையில் ஜால்ராவும் ஆர்மோனியமும் இருக்கும், புத்தகம் யாரிடமாவது ஒன்று இருந்தால் அதிகம். கொலோசெயர் 3:16 ‘சங்கீதங்களினாலும் கீர்த்தனைகளினாலும் ஞானப்பாட்டுகளினாலும்’ ஒருவருக்கொருவர் போதித்துப் புத்திசொல்லிக்கொள்ளச் சொல்கிறது. ஒருவருக்கொருவர் என்று இருக்கிறது பாருங்கள். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு தனியாகக் கேட்பதில் இந்தப் பாதி விடுபட்டுப் போகிறது.

இதைச் சொன்னதும் உங்கள் அம்மா ஜெயித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். கீர்த்தனைப் புத்தகத்தில் இருக்கிற எல்லாமே நல்ல பாட்டு என்று நான் சொல்ல மாட்டேன். சமஸ்கிருதச் சொல்லை அடுக்கியே ஒப்பேற்றிய பாட்டுகள் உண்டு, பாடி முடித்தவருக்கே என்ன பாடினோம் என்று தெரியாது. மகள் எழுந்து போவது ராகத்துக்காக இல்லாமல் அந்த மொழிக்காகவும் இருக்கலாம். ‘பரமண்டலாதிபதி’ என்ற ரகத்தில் பத்துச் சொல் தொடர்ந்து வந்தால் பதினைந்து வயதுப் பிள்ளை என்ன செய்யும்?

புதுப் பாட்டுகளில் நல்லவை இல்லையா? ஏராளம். கேசட் காலத்தில் வந்த பெர்க்மான்ஸ் அவர்களின் ‘ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள்’ பாடல் தொகுப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். சின்னச் சின்ன வரி, பேசுகிற தமிழ், பல இடங்களில் நேரடியாக வேத வசனம், யாருடைய குரலுக்கும் எட்டுகிற மெட்டு. சபை பேதம் பார்க்காமல் பரவின. ஆலயத்தில் கிட்டாரோடு பாடினாலும் சரி, வயலில் களை எடுக்கும்போது தனியாகப் பாடினாலும் சரி, பாட்டு பாட்டாகவே இருக்கும். நான் ஒரு பாட்டை எடைபோடுகிற வழி இதுதான்: கருவி எல்லாம் எடுத்துவிட்டு, கரண்ட் இல்லாத வீட்டில் மூன்று பேர் உட்கார்ந்து பாடினால் நிற்கிறதா? நின்றால் அது எந்த வருஷம் வந்ததாக இருந்தாலும் எனக்குச் சம்மதம். இப்போது வருகிற சில பாடல்களை இந்தச் சோதனைக்கு வைத்தால் மிஞ்சுவது இரண்டு வரிதான். மீதி எல்லாம் கீபோர்டின் மெதுவான எழுச்சி, டிரம்ஸ் நுழைகிற இடம், பாடகர் உச்சத்துக்குப் போகிற இடம். ஒலிப்பதிவில் கேட்க மயிர்க்கூச்செறியும், வீட்டில் பாட முயன்றால் தொண்டை கிழியும். கேட்பதற்கென்று செய்யப்பட்ட பாட்டு அது, கேட்டுவிட்டுப் போக வேண்டியதுதான்.

மயிர்க்கூச்செறிவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹிப்போ நகரத்துப் பேராயர் அகஸ்டின் தன் ‘அறிக்கைகள்’ நூலின் பத்தாம் புத்தகத்தில் இதே குழப்பத்தில் தவிக்கிறார். பாடப்படுகிற பொருளைவிடப் பாடுகிற குரல் என்னை அதிகம் அசைத்தால் நான் தவறு செய்கிறேன், அப்போது பாட்டையே கேட்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது என்கிறார். ஆனாலும், விசுவாசத்துக்கு வந்த புதிதில் சபையின் பாட்டைக் கேட்டு அழுததை நினைத்து, ஆலயத்தில் பாடும் வழக்கம் இருக்கட்டும் என்று முடிக்கிறார். ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முந்தைய ஆளுக்கே இந்தப் பிரச்சினை இருந்தது, அதனால் உங்களுக்கு இருப்பதில் ஆச்சரியமே இல்லை. ஆமோஸ் தீர்க்கதரிசி இன்னும் கடுமை. பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று, உன் வீணைகளின் ஓசையை நான் கேட்கமாட்டேன் என்று தேவனே சொல்வதாக எழுதுகிறார், அடுத்த வசனத்தில் நியாயம் தண்ணீரைப்போலப் புரண்டு வரட்டும் என்கிறார். வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவின் சம்பளத்தை இழுத்தடித்துக்கொண்டே சமையலறையில் ஆராதனைப் பாட்டு போட்டால் ஆமோஸ் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துக்கொள்ளலாம். உங்களைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன்.

எந்தப் பாட்டைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது, உங்கள் பட்டியலில் புலம்பல் இருக்கிறதா என்பதைத்தான். 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பலும் முறையீடும். ‘ஏன்’, ‘எதுவரைக்கும்’ என்று கேட்கிறவை. 88-ஆம் சங்கீதம் கடைசி வரி வரைக்கும் விடியாமலே இருளில் முடிகிறது. நம் செல்போனில் இருக்கிற பாடல்களைப் பாருங்கள்: ஆசீர்வாதம், ஜெயம், உயர்த்துவார், திருப்பித் தருவார். புத்தாண்டுக்குச் சபை கொடுக்கிற வாக்குத்தத்த வசனத்தை ஒட்டி வருகிற பாட்டுகள் முக்கால்வாசி இந்த ரகம். வேலை போனால், குழந்தை தங்காமல் போனால், அந்தப் பாட்டுகள் வாயில் வராது, வந்தாலும் குத்தும். கத்தோலிக்கச் சகோதரர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிடப் பணக்காரர்கள். இலங்கையில் தவக்காலத்தில், இயேசுவின் பாடுகளைச் சொல்லும் வியாகுலப் பிரசங்கத்தை ராகம் போட்டு வாசிக்கிற வழக்கத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அழுவதற்கென்றே சபை ஒரு இடத்தை ஒதுக்கி வைத்திருக்கிறது. நம் லெந்து கால (தவக்கால) கீர்த்தனைகளிலும் அப்படிப்பட்டவை உண்டு, வருஷத்தில் நாற்பது நாள் பாடிவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுகிறோம். அதில் ஒன்றையாவது வருஷம் முழுக்கக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நடைமுறையில் நான் உங்களுக்குச் சொல்வது இவ்வளவுதான். நாள் முழுக்க ஓடுவதை நிறுத்துங்கள். ஒரேயடியாக நிறுத்தினால் வீடு வெறிச்சென்று இருக்கும், ஒன்றிரண்டு வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும், இருக்கட்டும். அதற்குப் பதில் காலைக்கு ஒரு பாட்டு, படுக்கப் போகுமுன் ஒரு பாட்டு, அந்தப் புலம்பல் ஒன்று. இந்த மூன்றையும் முழுதாக, எல்லாச் சரணத்தோடும் மனப்பாடம் செய்யுங்கள். காலைப் பாட்டை அடுப்பு பற்றவைக்கும்போது என்று ஏதாவது ஒரு வேலையோடு சேர்த்துவிடுங்கள், மணி பார்த்துச் செய்யாதீர்கள், மணியை நாம் தள்ளிவைப்போம், அடுப்பைத் தள்ளிவைக்க முடியாது. போனில் பாட்டைப் போட்டுக் கூடப் பாடாதீர்கள், அந்தப் பாடகரின் சுருதி உங்களுக்கு எட்டாமல் இருக்கும், நீங்களும் நமக்குப் பாட வராது என்று முடிவுகட்டிவிடுவீர்கள். மெட்டு பிடிபடும் வரை கேட்டுவிட்டு, அணைத்துவிட்டு, உங்களுக்கு வசதியான தாழ்ந்த சுருதியில் பாடுங்கள். முனகினாலும் போதும். சில நாள் ஒன்றும் தோன்றாது, வாய் மட்டும் அசையும். பரவாயில்லை, அந்த நாட்களில்தான் மனப்பாடம் ஏறுகிறது.

மூன்றும் நன்றாக வந்த பிறகு நாலாவதுக்குப் போங்கள், அவசரம் இல்லை. பஸ்ஸில் கேட்க வேண்டும் என்று தோன்றினால் தாராளமாகக் கேளுங்கள், இசையை ரசிப்பதில் தப்பே இல்லை, அதைத் தியானம் என்று கணக்கில் எழுதிக்கொள்ளாதீர்கள், அவ்வளவுதான்.

அம்மாவுக்கும் மகளுக்கும்: குடும்ப ஜெபத்தில் இரண்டு பாட்டு வையுங்கள், ஒன்று அம்மா கற்றுக்கொடுப்பது, ஒன்று மகள் கற்றுக்கொடுப்பது. மகள் கொண்டுவருகிற பாட்டை அம்மா பாடவேண்டும், தப்பிக்கக் கூடாது. எங்கள் சபையில் இப்படிச் செய்த வீடு ஒன்று உண்டு. பாட்டி புதுப் பாட்டில் தாளம் தப்புகிறது என்று பேத்தி திருத்த, பேத்தியின் உச்சரிப்பில் லகர ளகரம் சரியில்லை என்று பாட்டி திருத்த, ஜெபம் அரைமணி நேரம் நீண்டுபோகிறது என்று அப்பாவுக்குத்தான் வருத்தம். மகளுக்குக் கீர்த்தனையில் புரியாத சொல் வந்தால் அங்கேயே நிறுத்திப் பொருள் சொல்லுங்கள். உங்களுக்கும் தெரியவில்லை என்றால் வேறு கீர்த்தனைக்குப் போங்கள், நூற்றுக்கணக்கில் இருக்கின்றன.

இன்னொரு வேலை, இதைத் தள்ளிப்போடாதீர்கள். கீர்த்தனைப் புத்தகத்தில் பாட்டின் தலைப்பில் ராகமும் தாளமும் போட்டிருக்கும், ஸ்வரம் போட்டிருக்காது. மெட்டு வாய்வழியாகத்தான் வந்துகொண்டிருக்கிறது, ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும், தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத்தில் ஒரு மாதிரி, தஞ்சாவூரில் இன்னொரு மாதிரி. உங்கள் அம்மா பாடுகிற மெட்டு அவருடைய அம்மாவிடமிருந்து வந்திருக்கும், யூடியூபில் கிடைப்பது அதுவாக இருக்காது. மகள் கையில் போனைக் கொடுத்து, அம்மாவுக்குத் தெரிந்த கீர்த்தனைகளையெல்லாம் ஒவ்வொன்றாக, எல்லாச் சரணத்தோடும், ஃபேனை அணைத்துவிட்டுப் பதிவு செய்யச் சொல்லுங்கள். புத்தக எண்ணையும் ராகத்தையும் பாட்டு தொடங்குமுன் அம்மாவையே சொல்லச் சொல்லுங்கள், பிற்பாடு தேடுவதற்குச் சுலபம்.